புல்மன் ஊரின் வாடகை

அன்புள்ள ஐயா,

லேபர் டே விடுமுறையில் மகளை அழைத்துக்கொண்டு சிகாகோவின் தெற்கே புல்மன் என்ற பழைய தொழிற்சாலை ஊரைப் பார்க்கப் போனோம். ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன் 1880-களில் தன் தொழிலாளர்களுக்காகவே கட்டிய ஊர். செங்கல் வீடுகள், பூங்கா, நூலகம், தியேட்டர், வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர். இவ்வளவு செய்தவருக்கு எதிராகவே யூனியன்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து ஊரைக் கெடுத்துவிட்டார்களே என்று வருத்தமாக இருந்தது. எங்கள் கம்பெனியிலும் சாப்பாடு, ஜிம், பஸ் எல்லாம் இலவசம். முதலாளி நல்லவராக இருந்தால் யூனியன் எதற்கு? இன்னொன்று: மே தினம் பிறந்ததே சிகாகோவில்தான் என்கிறார்கள். பிறகு ஏன் அமெரிக்காவில் அதைச் செப்டம்பரில் கொண்டாடுகிறார்கள்?

அன்புடன்,
ஆர்., இல்லினாய்

அன்புள்ள ஆர்.,

செப்டம்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1886 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்காவின் பல நகரங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 4 இரவு சிகாகோ ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தது. அதற்காக மறு வருடம் தொழிலாளர் இயக்கத்தைச் சேர்ந்த நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். அதன்பிறகு மே 1 என்றாலே வாஷிங்டனுக்கு வயிற்றைக் கலக்கும். நியூயார்க் சங்கங்கள் 1882-லேயே செப்டம்பரில் ஊர்வலம் போயிருந்தன. வம்பில்லாத தேதி. ஜனாதிபதி கிளீவ்லாந்து அதைத் தேசிய விடுமுறையாக்கிக் கையெழுத்திட்டது 1894 ஜூன் 28. ஒரு வாரத்துக்குள் அவர் அனுப்பிய பட்டாளம் சிகாகோவில் இறங்கியது. எதற்கு? நீங்கள் வருத்தப்பட்டீர்களே, அதே புல்மன் வேலைநிறுத்தத்தை உடைப்பதற்கு.

சரி, ஊருக்கு வருவோம். உங்கள் கடிதம் வந்தபோது அந்த வேலைநிறுத்தத்தை விசாரித்த அரசுக் கமிஷனின் சாட்சியங்களைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் சூடாக வருகிறது. அங்கே வைத்திருக்கும் தகவல் பலகைகளை நீங்கள் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். பூங்காவைப் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

புல்மன் அந்த ஊரைத் தர்மத்துக்குக் கட்டவில்லை. போட்ட பணத்துக்கு 6 சதவீதம் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார். அதை அவர் ஒளிக்கவும் இல்லை. நூலகத்துக்குச் சந்தா உண்டு. பச்சைக் கல்லில் அழகான தேவாலயம் கட்டினார். அவர் கேட்ட வாடகையைக் கட்ட எந்தச் சபையாலும் முடியாமல் அது சில காலம் பூட்டியே கிடந்தது. வீடுகள் எல்லாம் வாடகைக்கு மட்டும்தான், விற்பனைக்கு இல்லை. பத்து நாள் நோட்டீஸில் காலி செய்யச் சொல்லலாம். புல்மன் வீட்டில் பிறந்து, புல்மன் பள்ளியில் படித்து, செத்தால் புல்மன் நரகத்துக்குத்தான் போகப்போகிறோம் என்று தொழிலாளர்கள் பேசிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

1893-ல் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. ரயில் பெட்டிக்கு ஆர்டர் குறைந்தது. புல்மன் கூலியைச் சராசரியாகக் கால் பங்கு வெட்டினார். வாடகையில் ஒரு சென்ட் குறைக்கவில்லை. கேட்டதற்கு அவர் சொன்ன பதில், முதலாளி வேறு, வீட்டுக்காரர் வேறு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது. ஒரே சட்டையின் இரண்டு பைகள் ஒன்றையொன்று தெரியாது என்று சொல்வது போல. இத்தனைக்கும் கம்பெனி நஷ்டத்தில் ஓடவில்லை. 1893 ஜூலையோடு முடிந்த வருடத்தில் கொடுத்த கூலி சுமார் 72 லட்சம் டாலர், அடுத்த வருடம் சுமார் 45 லட்சம். பங்குதாரர்களுக்குப் போன டிவிடெண்டோ சுமார் 25 லட்சத்திலிருந்து சுமார் 29 லட்சத்துக்கு ஏறியது. அந்த ஊரில் ஊழியம் செய்த கார்வர்டைன் என்ற மெதடிஸ்ட் பாதிரியார், வாடகை போக இரண்டு சென்ட்டுக்குச் செக் வாங்கிய ஒரு தொழிலாளி அதை மாற்றாமல் ஃபிரேம் போட்டு வைத்திருந்ததாக எழுதியிருக்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஜென்னி கர்டிஸ் என்று ஒரு பெண். புல்மன் தையல் பிரிவில் வேலை. அவளுடைய அப்பாவும் அதே கம்பெனியில் பல வருடம் உழைத்தவர். 1893-ல் மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து செப்டம்பரில் இறந்துபோனார். அப்போது சுமார் 60 டாலர் வாடகை பாக்கி. அதை நீ கட்டு என்று மகளிடம் சொல்லிவிட்டார்கள். கூலி வெட்டிய பிறகு, சாப்பாட்டுக்கும் கொடுத்து பாக்கியையும் கட்ட அவளால் முடியவில்லை. ஆனாலும் மிச்சம் இருப்பதிலிருந்து செத்துப்போன அப்பாவின் வாடகையில் கொஞ்சம் கட்ட வேண்டும். 1894 ஜூனில், புல்மன் தொழிலாளர்கள் சேர்ந்திருந்த அமெரிக்க ரயில்வே யூனியன் மாநாட்டில் அவள் பேசினாள். அதைக் கேட்ட பிறகுதான், புல்மன் பெட்டி கோத்த எந்த ரயிலையும் தொடமாட்டோம் என்ற முடிவை நோக்கி அந்த மாநாடு போனது. உங்கள் பாஷையில் சொன்னால், ஊரைக் கெடுக்க முடிவெடுத்தார்கள்!

ஜென்னியின் சாட்சியத்தைப் படிக்கும்போது எனக்கு என் சித்தி ஞாபகம்தான். சித்தப்பா வேலையில் இருக்கும்போதே போய்விட்டார். இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸில். கருமாதி முடிந்து, துக்கம் கேட்க வருவது போல ஒரு ஆபீஸர் வந்தார். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி ஃபைல் நகரும் என்றார். அவர் கெட்டவர் இல்லை, தம்பி. கம்பெனி விதி அப்படி. சித்தி அடுப்படியில் உட்கார்ந்து எந்தப் பாத்திரத்தை எடுத்துப்போவது என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

சம்பளம் தருகிறவனே கூரையையும் தந்தால், சம்பளத்துக்காக நீங்கள் வாயைத் திறக்கும்போது கூரை ஆடும். முதலாளி நல்லவரா கெட்டவரா என்று நான் கேட்கவே இல்லை. நல்லவராகவே இருக்கட்டும். நல்லவராக இருப்பதை அவர் நாளைக்கு நிறுத்திக்கொண்டால் உங்கள் கையில் என்ன இருக்கிறது? உங்கள் விசா என்ன வகை என்று எழுதவில்லை. எச்-1பி என்றால், வேலை போன நாளிலிருந்து வேறு வேலை தேடவோ நாட்டை விட்டுக் கிளம்பவோ அதிகபட்சம் 60 நாள் அவகாசம். புல்மன் பத்து நாள் கொடுத்தார். ஐம்பது நாள் கூடுதலாகக் கிடைத்த தைரியத்தில்தான் இலவசச் சாப்பாட்டைப் பற்றி எனக்கு எழுதுகிறீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். அயல்நாட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு பயந்து பயந்து வாழ்வது எப்படி என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு நன்றி என்று பெயர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஊர் கெட்ட கதையையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். வேலைநிறுத்தம் தோற்றது. தலைவர் யூஜின் டெப்ஸ் ஆறு மாதம் சிறையில் இருந்தார். ரயில் பெட்டி செய்ய உரிமம் வாங்கிய கம்பெனிக்கு ஊர் நடத்த அதிகாரமில்லை, வீடுகளை விற்றுவிடு என்று 1898-ல் சொன்னது இல்லினாய் உச்ச நீதிமன்றம். அதற்கு முந்தின வருடம் இறந்த புல்மனின் சவப்பெட்டியை, தொழிலாளர்கள் தோண்டி எடுத்துவிடுவார்களோ என்று அஞ்சி, கான்கிரீட்டும் தண்டவாள இரும்பும் போட்டுப் புதைத்திருந்தார்கள்.

யூனியனை நான் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜென்னி பேசிய அதே மாநாட்டில் கறுப்பினத்தவரைச் சேர்க்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று 112 பேர், சேர்க்கலாம் என்று 100 பேர். புல்மன் பெட்டிகளில் படுக்கை விரித்து, பயணிகளின் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கறுப்பினப் போர்ட்டர்கள். பாலிஷைக்கூடத் தங்கள் காசில்தான் வாங்க வேண்டும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத்தான் இவர்கள் புல்மனோடு சண்டைக்குப் போனார்கள். டெப்ஸ் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. புல்மனுக்குப் பிறகு கம்பெனித் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட். அவர் காலத்திலும் போர்ட்டர்களுக்கு விடிவு வரவில்லை. 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் என்ற கறுப்பினத் தலைவரின் தலைமையில் தனிச் சங்கம் கட்டி, பன்னிரண்டு வருடம் மோதி, 1937-ல்தான் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள்.

ராண்டால்ஃப் பெயரில் போர்ட்டர்களுக்கு ஒரு அருங்காட்சியகம் அதே புல்மன் பகுதியில் இருக்கிறது. அடுத்த முறை மகளை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். பூங்கா அப்புறம்.