பெருவிரல் பக்கம் சாய்ந்த கை: எக்ஸ்றே சொல்வதும் சொல்லாததும்

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டு மாதக் குழந்தையின் வலது கை பிறந்ததிலிருந்தே பெருவிரல் பக்கமாக மடங்கியிருக்கிறது; பெருவிரலும் மிகச் சிறியது. எக்ஸ்றேயில் ஆரை என்பு (முன்கையில் பெருவிரல் பக்கமுள்ள என்பு) இல்லை, மணிக்கட்டில் இரண்டு என்புகளே தெரிகின்றன என்றார்களாம். கிரகணத்தன்று கத்தியைத் தொட்டதால் வந்த வினை என்கிறாராம் மாமியார்.

கிரகணத்தை விட்டுவிடுங்கள், அம்மா. கருவில் கை உருவாவது 4 முதல் 8 வாரங்களுக்குள். நீங்கள் கர்ப்பமென்று அறிந்த நாட்களிலேயே அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். பல குழந்தைகளில் காரணம் அகப்படுவதில்லை. சிலரில் மரபணுக் கோளாறு இருக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் வல்புறோவேற் மருந்தும் அரிதாக இதற்குக் காரணமாகலாம். அதை நீங்கள் எடுத்திருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மணிக்கட்டைப் பற்றிப் பயம் வேண்டாம். அங்குள்ள எட்டு என்புகளும் பிறக்கும்போது கசியிழையமாகவே, அதாவது இன்னும் என்பாக இறுகாத மென்மையான இழையமாகவே இருக்கும். கசியிழையம் எக்ஸ்றேயில் விழாது. முதல் இரண்டு பொட்டுகள் சில மாதங்களில் தோன்றும், கடைசி என்பு தெரிய ஒன்பது, பத்து வயதுகூட ஆகலாம். ஆகவே எட்டு மாதத்தில் இரண்டு தெரிவது இயல்பே. ஆரையின் தண்டு அப்படியல்ல. அது பிறக்கும்போதே என்பாகத் தெரிய வேண்டியது. அதன் ஒரு துண்டாவது உண்டா, அரந்தி என்பு (முன்கையின் மற்ற என்பு) வளைந்திருக்கிறதா என்று பார்க்க முழங்கை முதல் விரல் நுனிவரை, இரு கோணங்களில், இரண்டு கைகளுக்கும் படம் வேண்டும். உங்களிடம் உள்ளது அப்படியானதென்றால் இப்போதைக்கு இன்னொன்று தேவையில்லை.

கையைவிட அவசரமானது வேறு. ஆரை உருவாகாத குழந்தைகளில் இதயம், சிறுநீரகம், முள்ளந்தண்டு, இரத்தம் ஆகியவற்றிலும் குறை இருக்கக்கூடும் என்பதால், எக்கோ (இதய ஸ்கான்), வயிற்று ஸ்கான், இரத்தக் கணக்கு (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) மூன்றையும் குழந்தை நல நிபுணரிடம் கேளுங்கள். பன்கோனி என்னும் இரத்த நோயில் இந்த வயதில் கணக்கு சரியாகவே வரலாம். அதற்குத் தனியான நிறமூர்த்த (குரோமோசோம்) பரிசோதனை உண்டு.

இது முறிவு அல்ல. பரியாரியாரிடம் இழுத்துக் கட்டுவதால் இல்லாத என்பு வராது. இயன்மருத்துவப் பயிற்சியாளர் காட்டித்தந்தபடி குளிப்பாட்டும் நேரங்களில் மணிக்கட்டை மெதுவாக நேராக்கி நீட்டிவிடுங்கள், இரவில் தாங்குபட்டை போடுங்கள். சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் ஒரு வயதை ஒட்டித்தான் யோசிப்பார்கள். அதற்கு முன் முழங்கை மடிகிறதா என்று பாருங்கள்: மடியாத முழங்கையுள்ள குழந்தைக்குச் சோறு வாய்க்குப் போவது அந்தச் சாய்ந்த மணிக்கட்டால்தான், அதை நிமிர்த்தினால் கை வாயை எட்டாது.