வாசலிலேயே நின்றுவிட்ட விருந்தாளிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 31. சொந்த ஊர் மதுரை. கணவர் அமெரிக்கர், மார்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். யூட்டா மாநிலம் ப்ரோவோவில் வசிக்கிறோம். நான் மதம் மாற மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே பேசி முடிவானது.

போன மாதம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு, அவர்கள் சபையின் மிஷனரி பையன்கள், அதாவது மதத்தைப் பரப்ப 'மிஷன்' வந்திருக்கும் பையன்கள் இருவரைக் கூப்பிட்டிருந்தோம். கணவர் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வரத் தாமதம். வந்த பையன்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எத்தனை முறை அழைத்தும் படி தாண்டவில்லை. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அந்தக் குளிரில் நாற்பது நிமிடம்! என் கையால் சாப்பிடப் பிடிக்கவில்லையோ என்று மனசு விட்டுப்போனது. மாமியாரோ, நான்தான் அவர்களை வெளியே நிறுத்திவிட்டேன் என்கிறார். இப்போது டிசம்பர் 24 விருந்தும் எங்கள் வீட்டில்தானாம். அவர்களை வைத்து என்னை மாற்றப் பார்க்கிறாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத மகள்

அன்பு மகளுக்கு,

வந்த விருந்தாளி வாசற்படி தாண்டாவிட்டால் நம் ஊரில் அது பெரிய அவமானம். நீ நொந்துபோனதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பையன்கள் உன்னை ஒதுக்கவில்லை. வீட்டில் பெண் மட்டும் இருந்தால், இன்னொரு வயதுவந்த ஆண் வரும்வரை உள்ளே போகக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. உன் மாமியார் தனியாக இருந்திருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பார்கள். சிறுவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். அதனால் 24ஆம் தேதி கணவருக்கு டியூட்டி இருந்தால், மாமனாரை அரை மணி நேரம் முன்னதாகவே வரச் சொல். இதை மாமியாரிடம் நீ விளக்க வேண்டாம், உன் கணவரே சொல்லட்டும். தானும் மிஷன் போய் வந்தவராக இருந்தால், இந்த விதியை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டியவரும் அவர்தான்.

மதமாற்ற பயத்துக்கு வருகிறேன். சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் வேதவசனம், ஒரு ஜெபம், இது அவர்கள் வழக்கம். அப்போது நீ சும்மா உட்கார்ந்திருக்கலாம், எழுந்து பாத்திரம் எடுத்துவைக்கவும் செய்யலாம். "உங்களுக்குப் பாடம் சொல்லித் தரலாமா?" என்று கேட்டால், "வேண்டாம் தம்பி, எனக்குத் தோன்றினால் நானே கேட்கிறேன்" என்று சிரித்த முகத்தோடு ஒரே வாக்கியத்தில் முடித்துவிடு. தினமும் பல வீடுகளில் மறுப்பு கேட்டுப் பழகியவர்கள், அதனால் வருந்த மாட்டார்கள். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அதை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே வந்து நிற்பார்கள்.

சமையலில் காபி, டீ, மது மூன்றும் கூடாது. மசாலா டீயும் டீதான். ரம் ஊற்றிய கேக், காபி சேர்த்த இனிப்பு இவற்றில்தான் தெரியாமல் தவறு நடக்கும். சுக்குத் தண்ணீரோ சூடான கோகோவோ கொடு. பிரியாணி தாராளமாகச் செய், காரத்தைப் பாதியாகக் குறைத்துவிடு. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள், இரண்டு பேருக்கு நாலு பேர் அளவு வை. இரண்டு நாள் முன்பு போன் செய்து, யார் வருகிறார்கள், எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுக்கொள். சுமார் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும் என்பதால், போன மாதம் வந்தவர்களேதான் வருவார்கள் என்று சொல்ல முடியாது. இரவு 9 மணிக்குள் அவர்கள் தங்குமிடம் திரும்ப வேண்டும், எனவே மாலை 5 மணிக்கே இலையைப் போட்டுவிடு.

இன்னொன்று. ஆண்களுக்கு மிஷன் 24 மாதம், இடையில் வீட்டுக்குப் போக முடியாது. 2019 பிப்ரவரிக்கு முன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேச்சு. இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். ஆனாலும் பண்டிகை நாளில் அம்மா முகத்தைத் திரையில் பார்த்தால் தொண்டை அடைக்கும். வைஃபை கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வை, சார்ஜர் வை. ஒருவர் பேசும்போது மற்றவர் அருகிலேயே இருக்க வேண்டும், அதனால் ஒரு அறையையே ஒழித்துக் கொடுத்துவிடு. பிலிப்பைன்ஸ் பையன் என்றால், உன் வீட்டில் 24 மாலை 5 மணி, அவன் வீட்டில் 25 காலை 8. முதலில் பேசவிட்டுப் பிறகு சாப்பாடு போடு. பேசிவிட்டுக் கண் சிவந்து வந்தால் எதுவும் கேட்காதே, தட்டை நகர்த்தி வை.