சுவர் முழுக்கப் பூஞ்சை, ஓனர் கண்டுகொள்ளவில்லை: அட்வான்ஸோடு வெளியேற முடியுமா?

கேள்வி: வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 18,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். அட்வான்ஸ் 1,50,000. எனக்கு நாள்பட்ட சோர்வு நோய் இருக்கிறது, இந்த வீட்டுக்கு வரும் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். போன மழைக்குப் பிறகு படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறி, கறுப்பாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. நேர் மேலே மேல்வீட்டு பாத்ரூம். மூக்கடைப்பு, இருமல், எழுந்திருக்கவே முடியாத நாட்கள் எல்லாம் கூடிவிட்டன. ஓனரோ, "ஜன்னலைத் திறக்காமல் உள்ளேயே துணி காயப்போட்டால் இப்படித்தான் ஆகும்" என்கிறார். வாடகையை நிறுத்தலாமா? நஷ்டஈடு கேட்கலாமா? அட்வான்ஸ் முழுதாக வருமா?

பதில்: வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது நிறையப் பேர் கோபத்தில் முதலில் செய்வது இதைத்தான். 2 மாத வாடகை பாக்கி விழுந்தால் உங்களைக் காலி செய்யச் சொல்ல ஓனருக்குச் சட்டமே காரணம் கொடுத்துவிடும். பிறகு நீதிமன்றத்தில் பேச்சு பூஞ்சையைப் பற்றி இருக்காது, பாக்கியைப் பற்றித்தான் இருக்கும். வங்கி வழியாகத் தேதி தவறாமல் கட்டிக்கொண்டே வாருங்கள்.

அடுத்து நான் சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். "இந்தப் பூஞ்சையால்தான் என் சோர்வு நோய் முற்றிவிட்டது" என்பதை வழக்கின் அடித்தளமாக வைக்காதீர்கள். உங்கள் கஷ்டத்தை நான் நம்பாமல் சொல்லவில்லை. நாள்பட்ட சோர்வு நோயை உறுதிசெய்ய ஒரு ரத்தப் பரிசோதனைகூடக் கிடையாது, அறிகுறிகளை வைத்துத்தான் டாக்டர்கள் முடிவுக்கு வருகிறார்கள். ஓதம் ஏறிய வீடுகளுக்கும் இருமல், இளைப்பு, மூக்கடைப்பு, ஆஸ்துமா தூண்டப்படுவது போன்றவற்றுக்கும் தொடர்பு இருப்பதை உலக சுகாதார நிறுவனமே 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் சோர்வு என்று வரும்போது, போதுமான ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு 2004-இல் தன் அறிக்கையில் எழுதிவைத்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை எடுத்து நீட்டினால் போதும், உங்கள் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். அதுவும் நோய் நீங்கள் குடிவருவதற்கு முன்பே இருந்தது.

அதனால் வழக்கைச் சுவரின் மேல் கட்டுவோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின், அதாவது 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின், 15-ஆவது பிரிவும் இரண்டாம் அட்டவணையும்தான் உங்கள் பலம். கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாயை மாற்றுவது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், வாஷ்பேசின் மாதிரி விஷயங்கள்தான் உங்கள் தலையில் விழும். அக்ரிமென்டில் பழுது பற்றி வேறு மாதிரி எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாரா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஓனரின் ஜன்னல் வாதத்தைச் சுவரே முறியடிக்கும். காற்றோட்டம் இல்லாமல் வரும் பூஞ்சை பெரும்பாலும் அறையின் மூலைகளிலும் பீரோவுக்குப் பின்னாலும் மெல்லியதாகப் படரும். மேலிருந்து கசிந்தால், ஒரே சுவரில் மஞ்சள் கறையோடு பெயின்ட் உப்பி உரிந்து, கீழ்நோக்கி இறங்கும். இதை நீங்களோ நானோ சொன்னால் எடுபடாது. ஒரு சிவில் இன்ஜினியரை வரவழைத்து, கசிவு எங்கிருந்து வருகிறது என்று ஒரு பக்க அறிக்கையாவது கையெழுத்தோடு வாங்குங்கள். செலவு ஆகும், ஆனால் உங்கள் வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஓனர் ஆளை அனுப்பி அவசரமாகப் பெயின்ட் அடித்துவிடப் பார்ப்பார், அதற்கு முன்பே தேதியோடு போட்டோ, வீடியோ எடுத்துவிடுங்கள். போனில் எடுத்ததை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்க்க வேண்டும், ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, அந்தச் சுவரை நீங்களே தேய்த்துக் கழுவ இறங்காதீர்கள். உங்கள் நோயில் கொஞ்சம் உடம்பை வருத்தினாலே அடுத்த சில நாட்கள் படுக்கை என்பது உங்களுக்கே தெரியும். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆரோக்கியமானவரையே சாய்த்துவிடும். முடிந்தால் படுக்கையை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

சரி, இனி நோட்டீஸ். வாட்ஸ்அப்பில் சொன்னது போதாது. இன்ஜினியர் அறிக்கை, போட்டோ, டாக்டர் கடிதம் மூன்றையும் இணைத்து, பழுதைச் சரிசெய்ய ஒரு தேதி குறித்து, அவர் கையில் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உங்கள் நோய்க்கு இடம் இங்கேதான்: ஏன் அவசரம், ஏன் தாமதிக்க முடியாது என்பதற்கான காரணமாக. டாக்டரிடம் "பூஞ்சைதான் காரணம்" என்று எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். இப்போதிருக்கும் சுவாச அறிகுறிகள், கொடுத்த மருந்து, ஓதம் உள்ள அறையில் இருக்க வேண்டாம் என்ற அறிவுரை, இவை போதும். அலர்ஜிக்கான பரிசோதனை தேவையா என்றும் அவரிடமே கேளுங்கள்.

நோட்டீசுக்குப் பிறகும் ஓனர் மறுத்தால், நீங்களே வேலையை முடித்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது, உங்கள் கணக்கில் 9,000. ஆனால் உங்கள் விஷயத்தில் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கசிவு மேல்வீட்டில் இருக்கும்போது கீழே பூசிப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி கறுத்துவிடும், பணம்தான் போகும். மேல்வீடும் இதே ஓனருடையது என்றால் அவர் தப்ப வழியே இல்லை. வேறு ஒருவருடையது என்றால் நோட்டீஸின் நகலை அசோசியேஷனுக்கும் கொடுங்கள். மேல்வீட்டுக்காரரோடு பேசித் தீர்ப்பது ஓனரின் பாடு, "அவர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பதை உங்களிடம் பதிலாகச் சொல்ல முடியாது.

உடம்பு இருக்கும் நிலையில், வெளியேறுவதுதான் உங்களுக்கு நல்லது என்று நினைக்கிறேன். பழுது பார்க்காமல் குடியிருக்க முடியாத நிலை, எழுத்தில் கேட்டும் ஓனர் மறுத்துவிட்டார் என்றால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். அக்ரிமென்டில் 2 மாத நோட்டீஸ் என்று இருக்கிறதே என்று அவர் வாதாடினால், அந்த இடத்தில்தான் இன்ஜினியர் அறிக்கை பேசும். காலி செய்த 1 மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், நீங்கள் தர வேண்டியது ஏதும் இருந்தால் மட்டும் கழிக்கலாம். கசிவால் கெட்ட சுவருக்கு உங்களிடம் பெயின்டிங் காசு பிடிக்க அவருக்கு உரிமை இல்லை. சாவியை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். பணம் வராவிட்டால் வாடகை நீதிமன்றம் இருக்கிறது.

நஷ்டஈட்டைப் பொறுத்தவரை, இன்ஜினியர் செலவு, கெட்டுப்போன மெத்தை, பீரோ, சுவாசக் கோளாறுக்கான மருத்துவ பில் ஆகியவற்றுக்கு ரசீதோடு கேட்கலாம். சோர்வு நோய் மோசமானதற்குத் தனியாக ஒரு தொகை கேட்டு உங்கள் தெம்பைச் செலவழிக்காதீர்கள்.

அக்ரிமென்ட் பதிவு செய்யப்பட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தச் சட்டப்படி பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதில் சிக்கல் உண்டு. பதிவாகவில்லை என்றால் நோட்டீஸ் அனுப்பும் முன் வாடகை போன வங்கிக் கணக்கு விவரம், அட்வான்ஸ் கொடுத்த ரசீது, ஓனரின் வாட்ஸ்அப் பதில்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு வக்கீலைப் பாருங்கள். ஜன்னலைப் பற்றி அவர் எழுத்தில் ஏதாவது அனுப்பியிருந்தால் அதையும் சேர்த்து எடுத்துப் போங்கள். பூஞ்சை இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட ஆதாரம் அது.