கை நடுங்கினால் நடுங்கட்டும்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று ஒரே விஷயத்தைப் பற்றியவை: நேர்காணல் பயம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.)

அம்மா, வணக்கம். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். அப்பா கைத்தறி நெசவாளர். நான் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வங்கி அதிகாரி தேர்வு எழுதினேன். முதன்மைத் தேர்வு வரை பாஸ். அடுத்த மாதம் சென்னையில் நேர்காணல். போன வருடம் பெங்களூரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கை நடுங்கியது. எதிரில் இருந்தவர் என் கையையே பார்ப்பதுபோல் இருந்தது. அப்புறம் என்ன பேசினேன் என்றே நினைவில்லை. இப்போது கால் லெட்டரைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. இந்தப் பயத்தை எப்படி விரட்டுவது?
— வாசகி, அம்மாப்பேட்டை

கண்ணு, "முதன்மைத் தேர்வு வரை பாஸ்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டாயே, முதலில் அங்கே கொஞ்சம் நில். இந்தத் தேர்வில் கடைசித் தரவரிசையை முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதத்தில்தான் போடுகிறார்கள். பெரிய பங்கை நீ ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகிறாய். மிச்சம் இருப்பது கால் மணியோ இருபது நிமிடமோ பேச்சு.

பயத்தை விரட்டப் பார்க்காதே. முக்கியமான ஒன்று நடக்கப்போகிறது என்று மூளைக்குத் தோன்றியதும் உடம்பில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குத் திரும்புவதால் விரல்கள் சில்லிடுகின்றன. எச்சில் குறைவதால் நாக்கு ஒட்டுகிறது. செரிமானம் மந்தப்படுவதால் வயிறு கலங்குகிறது. யார் சொல்லியும் இது நிற்காது. "பயப்படாதே, பயப்படாதே" என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டிருந்தால் கவனமெல்லாம் அங்கேயே போய்விடும், எதிரில் இருப்பவர் கேட்பது பாதிதான் காதில் விழும். பெங்களூரில் உனக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உனக்கு உதவும். மேடையில் பேசுவதற்கு முன் "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, "ஆர்வமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். படபடக்கும் நெஞ்சை அமைதி என்று நம்பவைப்பது கடினம். ஆர்வம் என்றால் அது ஒத்துக்கொள்கிறது, ஏனென்றால் ஆர்வத்திலும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும். பெயரைக் கூப்பிடும் முன் ஒரு தடவை இதை வாய்க்குள் சொல்லிப் பார்.

அடுத்தது, அவர் உன் கையையே பார்த்தார் என்கிறாய். அவர் பார்த்திருக்கவே மாட்டார். நமக்குள் இருக்கும் படபடப்பு வெளியே அப்படியே தெரிகிறது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அதில் கொஞ்சம்தான் வெளியே தெரிகிறது. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இருவர் 2003-ல் இதைச் சோதித்தார்கள். "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அடுத்தவருக்குத் தெரிவதில்லை" என்று முன்கூட்டியே எடுத்துச் சொன்னதிலேயே, அதைக் கேட்டவர்களின் பேச்சு மற்றவர்களுடையதைவிட நன்றாக அமைந்தது. வேறு பயிற்சி எதுவும் கொடுக்கவில்லை. அதனால்தான் உனக்கும் இதைச் சொல்கிறேன்.

நான் வங்கியில் இருந்த காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோருமே பதற்றமாகத்தான் வருவார்கள் என்று கேள்வி கேட்பவர்களுக்குத் தெரியும். பலர் முதல் கேள்வியை வேண்டுமென்றே லேசாகக் கேட்பார்கள். கை நடுங்கியது என்று நான் யாருக்கும் மதிப்பெண் குறைத்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சுற்றி வளைத்தவர்களைத்தான் சங்கடத்தோடு கேட்டுக்கொண்டிருப்போம். தெரியவில்லையா, "தெரியவில்லை சார்" என்று நேராகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திரு. கேள்வி புரியவில்லை என்றால் மறுபடி கேட்கச் சொல்வதிலும் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பாதியில் சிக்கினால் அதை விட்டுவிட்டுச் சின்ன வாக்கியமாகத் திரும்பத் தொடங்கு.

இப்போது நீ செய்ய வேண்டிய வேலை. உன்னைப் போன்ற பிள்ளைகள் பதில்களை எழுதி எழுதி மனப்பாடம் செய்கிறீர்கள். கைதான் எழுதிப் பழகுகிறது, வாய் பழகுவதில்லை. அங்கே போய்ப் பேச வேண்டியது வாய். அதனால் இன்றிலிருந்து தினமும் சத்தமாகப் பேசு. அப்பா தறியில் இருக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசு. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் பேசியாக வேண்டும். பதற்றத்தில் குரல் அமுங்குவதற்கும் வார்த்தைகள் ஓடுவதற்கும் எனக்குத் தெரிந்த நல்ல மருந்து அது. அப்பாவுக்கு ஆங்கிலம் புரிய வேண்டியதில்லை, உன் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒரு பதிலை ஒரே மாதிரி ஒப்பிக்காமல் ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி சொல். மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை தவறினால் மொத்தமும் போய்விடும்.

என்ன பேசுவது? "உன்னைப் பற்றி", "உன் ஊரைப் பற்றி", "வங்கி வேலை ஏன்?" இந்த மூன்றும் அநேகமாக வரும். சேலம் என்றதும் மாம்பழம், ஏற்காடு என்று எல்லோரும் சொல்வார்கள். நீ தறியிலிருந்து தொடங்கு. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஜவ்வரிசிக்கு 2023-ல் கிடைத்தது. ஆனால் இவை புத்தகத்தில் இருப்பவை. உன் வீட்டில் இருப்பது அதைவிடப் பெரிது. நூலும் பாவும் யார் கொடுக்கிறார்கள், கூலி எந்தக் கிழமை கைக்கு வருகிறது, மழைக்காலத்தில் குழித்தறியில் ஈரம் ஏறி வேலை நின்றால் வீட்டுச் செலவுக்கு யாரிடம் கைமாற்று, என்ன வட்டி. சிறுதொழில் கடனுக்காக 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கடன் தரலாம். உங்கள் தெருவில் எத்தனை பேர் அதை வாங்கினார்கள், வாங்காதவர்கள் ஏன் வாங்கவில்லை? நாலு வீட்டில் போய்க் கேள். கேட்டுவிட்டு வந்தால், வங்கி வேலை ஏன் என்ற கேள்விக்கு நீ யோசிக்கவே வேண்டாம். பட்டப்படிப்பில் பிடித்த ஒரே ஒரு பாடத்தையும் நன்றாகப் புரட்டிக்கொள். கணக்குப் படித்த பெண்ணிடம் கூட்டு வட்டியைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

பயணத்தில் பதற்றத்தைச் சேர்த்துக்கொள்ளாதே. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, விடியும் முன்னால் சென்ட்ரலில் இறங்கி, தூக்கம் கெட்ட கண்ணோடு நேராக நேர்காணலுக்குப் போவது வேண்டாம். முதல் நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கு, முடிந்தால் சாயந்தரமே அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வா. சான்றிதழ்களை இந்த வாரமே எடுத்துவை. ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற குறிப்போடு இருக்க வேண்டும். மாநிலச் சாதிச் சான்றிதழை மட்டும் கொண்டுபோய் அங்கே தவித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். காத்திருக்கும்போது மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஏழு எண்ணும் வரை மெதுவாக விடு. மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு தானாகவே கொஞ்சம் குறையும்.

உள்ளே போனதும் கை நடுங்கினால் நடுங்கட்டும். மடியில் வைத்துக்கொண்டு பேசு.

என் மகனுக்குச் சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் காலை பத்து மணிக்கு இன்டர்வியூ. ரொம்பப் பயப்படுகிறான். நடுக்கத்தை நிறுத்தும் மாத்திரை ஒன்றை நண்பன் கொடுத்திருக்கிறானாம். கொடுக்கலாமா? நான் காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன்.
— வாசகர், ஏற்காடு

கொடுக்காதீர்கள் ஐயா. நீங்கள் சொல்வது அநேகமாக புரோப்ரனலால் வகை மாத்திரையாக இருக்கும். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து அது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சையே அடைத்துவிடும். மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுக்காமல், அதுவும் முதல் தடவையாக நேர்காணல் அன்றைக்கு, யாரும் போட்டுப் பார்க்கும் பொருள் இல்லை. பையனுக்குப் பயம் இந்த ஒரு நாளோடு போகாமல், தூக்கம் கெட்டு, வந்த வாய்ப்புகளையெல்லாம் தவிர்க்கிற அளவுக்கு இருந்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகவும் பேசலாம்.

காபியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தினமும் குடிக்கிற ஒரு டம்ளரை அன்றைக்கு நிறுத்த வேண்டாம், தலைவலி வரும். தெம்புக்காக இரண்டாவது, மூன்றாவது என்று போக வேண்டாம். குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் போல ஆகும். நெஞ்சுப் படபடப்பை அது கூட்டும்.

மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பதற்றமான வயிற்றோடு, நெரிசலான காலைப் பஸ்ஸில் அதில் இறங்கினால் குமட்டல் நிச்சயம். முதல் நாளே கீழே அனுப்பிவிடுங்கள். இல்லையென்றால் விடிகாலை பஸ்ஸில் இரண்டு இட்லியோடு, முன் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வரட்டும்.

அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள். "இந்த வேலை கிடைக்கவில்லை என்றால்" என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் இந்த வாரம் வீட்டில் பேசாதீர்கள். அன்று காலை போன் செய்து "தைரியமாப் பேசுடா" என்று நினைவுபடுத்தவும் வேண்டாம். எஸ்டேட்டில் இன்று என்ன வேலை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அந்தப் பேச்சு அவனுக்கு நல்லது செய்யும்.

பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு பள்ளியில் கணக்கர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். "இத்தனை வருஷம் ஏன் வேலைக்குப் போகவில்லை?" என்று கேட்பார்களே என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.
— வாசகி, சூரமங்கலம்

நிச்சயம் கேட்பார்கள் சகோதரி. எந்தக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே தெரிவது உங்களுக்கு வசதி. "பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தார்கள், நான் வீட்டில் இருந்தேன். இப்போது வளர்ந்துவிட்டார்கள், முழு நேரமும் வேலைக்கு வர முடியும்." இவ்வளவுதான், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதற்றத்தில் நாம் செய்கிற காரியம், பதில் முடிந்த பிறகும் விளக்கிக்கொண்டே போவது. மாமியார் உடம்பு, வீட்டுக்காரர் டிரான்ஸ்பர் எல்லாம் அந்த மேசையில் வேண்டாம். எதிரில் இருப்பவர் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தால் அவர் எழுதட்டும், நீங்கள் அந்த மௌனத்தை நிரப்ப வேண்டாம்.

நீங்கள் வேலையை விட்டபோது ஜி.எஸ்.டி. இருந்ததா என்று பாருங்கள். 2017 ஜூலையில்தான் அது வந்தது. அதற்கு முன்பே விட்டிருந்தால் அதன் அடிப்படையையும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்யும் முறையையும் இந்த வாரமே ஒருவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதில் பாதி இதுவாகக்கூட இருக்கும். நேர்காணல் முடிந்ததும் என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள்.