அம்மாவுக்கு இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் போனில் லிங்க்காக வருகிறது, திறக்கத் தெரியாது. எப்படி உதவுவது?

களுவாஞ்சிக்குடியில் தனியாக இருக்கும் அம்மாவுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். இரத்தம் கொடுக்கும்போதே கவுண்டரில் உங்கள் நம்பரையும் கொடுக்கச் சொல்லுங்கள். அச்சுப் பிரதியும் கேட்கலாம். பற்றுச்சீட்டை எறிய விடாதீர்கள். பல இடங்களில் அதிலுள்ள இலக்கம் இல்லாமல் ரிப்போர்ட் திறக்காது. என் மாமி அதை வெற்றிலைப் பைக்குள் சுருட்டி வைத்து, சுண்ணாம்பு பட்டுக் கடைசி இரண்டு இலக்கமும் போய்விட்டது. இப்போது கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் பேனையால் எழுதி வைக்கிறோம்.

கொம்யூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்தால், கடைக் கணினியிலிருந்து ரிப்போர்ட்டை அழிக்கச் சொல்லுங்கள். போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

பழக்கும்போது போனைப் பறித்துக் காட்டாதீர்கள் (நாமெல்லாம் செய்யும் பிழை). அவர் விரல்தான் தொடவேண்டும். எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கத் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். இலங்கையில் சுகாதாரச் சந்தேகங்களுக்கு 1999, தமிழிலும் பேசலாம். அம்புலன்ஸுக்கு 1990.