பள்ளிக்குப் பத்துக்கு 4 என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: நியூஜெர்சியில் வீடு மாறப் போகிறோம். மகள் செப்டம்பரில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள். எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு இருக்கும் பகுதியின் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு இணையத்தில் பத்துக்கு 4 போட்டிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் இலவச மதிய உணவு பெறுபவர்கள், நான்கில் ஒருவர் ஆங்கிலம் புதிதாகக் கற்பவர் என்றும் இருக்கிறது. 9 வாங்கிய பள்ளி பக்கத்து ஊரில் இருக்கிறது. அங்கே வாடகை எங்களுக்கு எட்டாது. கடன் வாங்கியாவது அங்கே போய்விடலாம் என்கிறார் கணவர். இங்கே படித்தால் மகள் பின்தங்கிவிடுவாளா? இன்னொன்று, சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி கேட்டால் தமிழ் என்று எழுதாதே என்கிறாள் தோழி. அது சரியா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் சொல்வது போன்ற ஒரு பள்ளியில்தான் நான் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு ஆசிரியை. அதனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு பையனின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நான்காம் வகுப்பு முடியப் போகிற மார்ச் மாதத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தான். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. இரண்டே மாதத்தில் மாநிலக் கணிதத் தேர்வு. ஐந்து நிலைகளில் எல்லாவற்றிலும் கீழான முதல் நிலை. அடுத்த ஆண்டு மே மாதம் மறுபடியும் தேர்வு. அன்று நான்தான் அறைக் கண்காணிப்பு. கணினித் திரையில் 'அட் லீஸ்ட்' என்ற இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கையில் இருந்த இருமொழி அகராதியில் 'லீஸ்ட்' இருந்தது, 'அட் லீஸ்ட்' இல்லை. துண்டுத் தாளில் கணக்கை அழகாகப் போட்டிருந்தான், ஆனால் 'குறைந்தபட்சம்' என்பதை 'எல்லாவற்றிலும் குறைவு' என்று புரிந்துகொண்டு. அப்படியும் மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டான். ஓராண்டில் இரண்டு நிலை ஏறுவது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் 'தேர்ச்சி சதவீதம்' என்பதில் நான்காம், ஐந்தாம் நிலைக்காரர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். அங்கே அவன் முதல் ஆண்டும் பூஜ்யம், இரண்டாம் ஆண்டும் பூஜ்யம்.

இணையத்தில் தரும் மதிப்பெண்ணில் இந்தத் தேர்ச்சிக் கணக்குக்குப் பெரிய இடம் உண்டு. 2015-ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டப்படி மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்தியாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் மூன்றே வகுப்புகளின் தேர்வு அது. பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் மழலையர், ஒன்று, இரண்டாம் வகுப்புகள் அதில் வராது.

ஆங்கிலம் கற்பவர்கள் என்ற பிரிவிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலம் நன்றாக வந்துவிட்ட பிள்ளை அந்தப் பிரிவிலிருந்து வெளியே போய்விடும். புதிதாக வந்த பிள்ளை அதில் சேரும். நாங்கள் எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தாலும் அந்த வரியில் எண் குறைவாகவேதான் நிற்கும். எத்தனையோ இரவு இதை நினைத்து மனம் நொந்திருக்கிறேன்.

இலவச உணவு என்பது குடும்ப வருமானத்தின் அடையாளம். கூட்டாட்சி விதிப்படி வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானம் இருந்தால் இலவசம், 185 வரை சலுகை விலை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஷான் ரியர்டன் நாடு முழுவதன் தேர்வு எண்களையும் அலசிச் சொன்னது இதுதான்: சராசரி மதிப்பெண் பெற்றோரின் வசதியை ஒட்டியே போகிறது, பிள்ளைகள் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பது அப்படிப் போவதில்லை. 2017-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஏழைப் பிள்ளைகள் நிறைந்த சிகாகோவின் அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள், அதாவது ஐந்து ஆண்டுகளில், ஏறக்குறைய ஆறு ஆண்டுப் படிப்பைப் பிள்ளைகள் கற்றிருந்தார்கள்.

ஆகவே அந்த 4-ஐ விட்டுவிட்டு, மாநிலக் கல்வித் துறை பள்ளிவாரியாக வெளியிடும் அறிக்கையைத் திறந்து பாருங்கள். மாணவர் வளர்ச்சி என்ற பகுதியில், முன்பு இதே அளவு மதிப்பெண் எடுத்த மாநிலத்தின் மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரும் ஒரு நடு எண் (1 முதல் 99 வரை) இருக்கும். 50 என்றால் நடுத்தரம். தேர்ச்சி குறைவாக இருந்தும் வளர்ச்சி 60-ஐத் தாண்டினால், அந்த ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் தொடர்ந்து பள்ளிக்கு வராதவர்களின் விகிதம். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 180 நாளில் 18 நாள் வராதவர்களை அதில் சேர்ப்பார்கள். அது மிக அதிகமாக இருந்தால் நானே யோசிப்பேன். 'ஆசியர்' என்ற வரியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மென்பொருள் பொறியாளர் மகளும் அகதியாக வந்தவர் மகனும் அங்கே ஒரே வரிதான்.

எண்களைப் பார்த்தது போதும் என்றால், நேரில் போய் இரண்டாம் வகுப்பின் வாசிப்பு நேரத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்கு 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கூடுதல் பணம் வருகிறது. எங்கள் பள்ளியில் அதை வைத்து வாசிப்புக்கென்றே ஓர் ஆசிரியை இருந்தார். அவரைக்காய் விதை போல வளைந்த மேசை, உள் வளைவில் அவர், எதிரே நான்கே பிள்ளைகள், ஒவ்வொருவரும் விரல் வைத்து வாசிப்பார்கள். அப்படி ஒரு மேசை அங்கே இருக்கிறதா, அதில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். போன ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் விலகினார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இதெல்லாம் திருப்தியாக இருந்தால், கடன் வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நானே சொல்லத் தயார். மாதாமாதம் வாடகைக் கவலையில் பெற்றோர் உழல்வதும் பிள்ளையின் படிப்பைத் தொடும்.

படிவ விஷயம். தமிழ் என்றே எழுதுங்கள். அப்படி எழுதினால் ஆங்கிலம் தெரிகிறதா என்று சோதிப்பார்கள், அவ்வளவுதான். தெரிந்தால் வழக்கமான வகுப்புக்குப் போவாள். உதவி தேவைப்பட்டால் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில் 1974-இல் உச்ச நீதிமன்றம் வாங்கித் தந்த உரிமை அது. உங்கள் மகளுக்கு உதவி வேண்டாம் என்று நீங்கள் மறுக்கவும் முடியும்.

ஜூன் கடைசியில் பள்ளி மூடிவிடும். அதற்குள் ஒரு காலை நேரம் ஒதுக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.