தாவிய பிறகு யோசிக்கும் பையன்

கோடைக் கூடைப்பந்துப் போட்டிகள் முடிகிற சமயத்தில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி கணுக்காலைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறையும் அப்படியே. முதல் இரண்டு கேள்விகளும் ஒரே பையனைப் பற்றியவையோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியென்றால் எழுதிய இருவரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டால் நல்லது.

என் மகனுக்கு 16 வயது, பாயிண்ட் கார்டு; பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன். பந்து கையில் ஒட்டிக்கொண்டது மாதிரி ஆடுகிறான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு முறை வலது கணுக்கால் மடங்கிவிட்டது. 11,000 ரூபாயில் ஹை-டாப் ஷூ கேட்கிறான். வாங்கலாமா? – தந்தை, அண்ணாநகர்

பணம் இருந்தால் வாங்குங்கள். ஆனால் கணுக்காலுக்காக என்று வாங்காதீர்கள். மேலே வரை மூடிய ஷூ போட்டால் கால் மடங்காது என்பது பழைய நம்பிக்கை. இந்த ஹை-டாப் போட்டவர்களையும், கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் லோ-டாப் போட்டவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடிய கோபி பிரயன்ட் 2008-லேயே லோ-டாப்புக்கு மாறிவிட்டார். கணுக்காலைச் சுற்றிக் கயிறு வைத்து இறுக்கிக் கட்டும் பிரேஸ் என்ற உறை வேறு விஷயம். பள்ளி ஆட்டக்காரர்களிடமே சோதித்து, கணுக்கால் காயம் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். அந்த ஷூவின் விலையில் சிறு பகுதிதான் ஆகும்.

ஒருமுறை மடங்கிய கால் மறுபடி மடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. தசைநார் இழுபடும்போது, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு உணர்வும் மந்தமாகிவிடுகிறது. வீக்கம் வடிந்ததும் பையன் கோர்ட்டில் இறங்கிவிடுகிறான், உணர்வு திரும்பியிருக்காது. பல் தேய்க்கும்போது வலது காலில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கட்டும். வீட்டுப் படிக்கட்டில் ஒற்றைக் காலால் குதிகாலை ஏற்றி இறக்கட்டும். இரண்டு மாதமாவது விடாமல் செய்ய வேண்டும்.

அதே என்பிஏவின் ஸ்டீபன் கரி 2011-12 சீசனில் 66 ஆட்டங்களில் 26-இல்தான் ஆடினார். அதே வலது கணுக்காலில் இரண்டு அறுவை சிகிச்சை. பின்னாட்களில் அவர் இடுப்பையும் தொடையையும் பலப்படுத்தி, சட்டென்று திரும்பும்போது பாரத்தை இடுப்பு வாங்கிக்கொள்ளும்படி பழகினார். அவர் பெயர் போட்ட ஷூவைக் கேட்கிற பையன்கள் அந்த இடுப்புப் பயிற்சியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் அணியில் நல்ல திறமைசாலிப் பையன் ஒருவன். ஆனால் காற்றில் எழும்பிவிட்டு, அப்புறம்தான் யாருக்குப் பாஸ் கொடுப்பது என்று தேடுகிறான். வித்தை காட்டாதே என்றால் வீட்டிலிருந்து சண்டைக்கு வருகிறார்கள். – பயிற்சியாளர், ரேஸ்கோர்ஸ் பக்கம்

பந்து பறிபோகிறது என்பதற்காக நீங்கள் கோபப்படுகிறீர்கள். எனக்குக் கால்தான் கவலை. கூடைப்பந்தில் கணுக்கால் அதிகமாக மடங்குவது இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்கும்போதுதான். எங்கே இறங்கப் போகிறோம் என்று தெரியாமல் தாவுகிறவன், கூட்டத்துக்கு நடுவில், கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஒற்றைக் காலில் இறங்குகிறான். அவனுடைய ஆட்டக் குறையும் காயமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. இதை அப்பாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். "வித்தை" என்ற வார்த்தையை எடுத்தால் அவர் காதை மூடிக்கொள்வார்.

பையனைத் திட்டுவதைவிட விதியை மாற்றுங்கள். பயிற்சி ஆட்டத்தில் தாவிக் கொடுத்த பாஸ் எல்லாம் எதிரணிக்குப் பந்து என்று வைத்துவிடுங்கள். கூடைக்கு முன்னால் கோடு போட்ட லேனுக்குள் நுழைந்ததும் இரண்டு காலிலும் நின்று, முட்டியை மடக்கி, பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பதினைந்து நாளில் பழகிவிடும், கெட்டிக்காரப் பையன்தானே. கூடைக்கு அருகில் ஓடித் தாவிப் பந்தைப் போடும் லே-அப் ஒன்றுக்கு வலது பக்கம் போனால் அடுத்ததற்கு இடது பக்கம் போகவும் வையுங்கள். எப்போதும் ஒரே காலில் எழும்புகிறவனுக்கு அந்த முட்டி சீக்கிரம் பேச ஆரம்பிக்கும்.

உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். 20 புள்ளி முன்னணியில் இருக்கும்போதும் அவனையே ஆட வைக்கிறீர்களா? என்பிஏவில் சிகாகோ அணிக்கு ஆடிய டெரிக் ரோஸ் 22 வயதில் எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், ஆனவர். மறு வருஷம், 2012 ஏப்ரலில், அணி 12 புள்ளி முன்னணியில் இருக்க, இன்னும் ஒன்றரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில் முட்டியின் ஏசிஎல் தசைநார் அறுந்தது. அடுத்த சீசன் முழுக்கப் போயிற்று. அவரை ஏன் உட்கார வைக்கவில்லை என்று சிகாகோவில் இன்றும் பேசுகிறார்கள். உள்ளூர்ப் போட்டியில் ஒரே நாளில் மூன்று ஆட்டம் வைக்கிற நம்மூரில் இது இன்னும் பெரிய கேள்வி.

கால் சுளுக்கினால் எங்கள் அப்பத்தா உடனே எண்ணெய் போட்டு நீவிவிடுவார். சரியா? – உசிலம்பட்டி

முதல் இரண்டு நாள் வேண்டாம். உள்ளே கசிகிற ரத்தத்தை நீவலும் சூடும் கூட்டிவிடும். துணியில் சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம், கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் கால். நான்கு அடி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இருபக்க எலும்பு மேட்டை அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

கல்லூரியில் ஆடும்போது எனக்கும் ஒரு பெரியவர் சுளுக்கு எடுத்தார். மூன்று நாள் எடுத்தார். சுண்டுவிரல் பக்கம் பாத எலும்பில் விரிசல் என்று நான்காம் நாள் தெரிந்தது. அப்பத்தா மேல் எனக்கு மரியாதைதான். எலும்பு உடையவில்லை என்று தெரிந்த பிறகு, வீக்கம் வடிந்ததும் தாராளமாக நீவட்டும்.

மகளுக்கு 13 வயது. முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து, குதித்தால் வலிக்கிறது என்கிறாள். – திருமங்கலம்

வேகமாக வளரும் வயதில் தாவி விளையாடும் பிள்ளைகளுக்கு வருவது. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். வளர்ச்சி நின்றதும் வலி போய்விடும்; புடைப்பு மட்டும் தங்கலாம். ஆட்டத்தை நிறுத்த வேண்டாம், குதிப்பதைக் குறைத்தால் போதும். ஆனாலும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். முட்டி வீங்கினாலோ, ராத்திரி வலி எழுப்பினாலோ தள்ளிப் போடவே கூடாது.

சிமெண்ட் கோர்ட்டில் ரன்னிங் ஷூ போட்டு ஆடலாமா? – கல்லூரி மாணவர், வில்லாபுரம்

கூடாது. ஓட்டத்துக்கான ஷூ முன்னால் போவதற்கு மட்டும் செய்தது. உயரமான, மெத்தென்ற அடிப்பாகம். பக்கவாட்டில் வெட்டித் திரும்பினால் சாய்ந்துவிடும். விலை குறைந்தாலும் கூடைப்பந்து ஷூவாக வாங்குங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் உப்பியிருக்கும்போது, ஆடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். நுனியையும் குதியையும் பிடித்து முறுக்கினால் துணி மாதிரி சுருண்டால் வேண்டாம். அடியில் மீன்முள் மாதிரி வரி இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். சிமெண்ட் அந்த வரியைச் சீக்கிரம் தேய்த்துவிடும், வழுவழுப்பானதும் மாற்றுங்கள். அதே ஷூவில் பஸ் ஏறி டியூஷனுக்குப் போகாதீர்கள். நம்மூர்க் கோர்ட்டில் மணல் வேறு இருக்கும், ஆட்டத்துக்கு முன் ஆளுக்கொரு பக்கம் பெருக்குங்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் ஜிகர்தண்டா குடித்தால் சக்தி வருமா? – பெயர் வேண்டாம் சார்

வரும், வயிற்றுக்குள் குலுங்கிக்கொண்டே. முன்னால் தண்ணீர், உப்புப் போட்ட மோர். ஜிகர்தண்டா ஆட்டம் முடிந்த பிறகு, தோற்றவர்கள் காசில்.